பிள்ளைகள் காணத் தகும் ஊடல்

தை மாதம் இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவண்ணாமலையில் ஒரு குடும்பச் சண்டை நடைபெறும். ஆண்டுதோறும் அதே நாளில், அதே தெருவில், ஊரார் அனைவரும் கூடி நிற்க நடைபெறும் சண்டை அது. அந்தத் தெருவுக்குப் பெயரே திருவூடல் தெரு.

அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் இடையே மூளும் பிணக்கே அன்றைய விழா. இறைவனை மட்டுமே வணங்குவேன், இறைவியை வணங்கேன் என்று பிடிவாதம் செய்தவர் பிருங்கி முனிவர். அவருக்கு அருள்புரியச் சுவாமி விரும்புகின்றார். அம்மன் அதை ஏற்க மறுக்கின்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இருவர் திருவுருவங்களையும் தெருவிலே எழுந்தருளச் செய்து, அந்த ஊடலை நடித்துக் காட்டுவர். சுந்தரமூர்த்தி நாயனார் இருவருக்கும் நடுவே தூது போகின்றார். தூது பலிப்பதில்லை. அம்மன் தனியே கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கின்றார். சுவாமி அன்றிரவைக் குமரக்கோயிலில் கழித்து, மறுநாள் துணையின்றி மலையை வலம் வருகின்றார். 14 கிலோமீட்டர் தொலைவுள்ள அந்தப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தே உள்ளது அடி அண்ணாமலை என்னும் சிற்றூர். அவ்வூரையும் கடந்து ஊர்வலம் கோயிலை அடைந்தபின் மறுவூடல் நிகழும். பிணக்குத் தீரும்.

சுவாமி ஏன் இன்று தனியே வருகின்றார் என்பது அடி அண்ணாமலைச் சாலையோரத்தில் நிற்கும் சிறுவனுக்குக் கூடத் தெரியும். தெரியாத குழந்தை கேட்டால், அருகில் நிற்கும் பாட்டி சொல்லிவிடுவார்: “வீட்டிலே சண்டை. அம்மா கதவைச் சாத்திவிட்டார்கள்.” யாரும் அந்தக் குழந்தையின் கண்ணைப் பொத்துவதில்லை. திருவரங்கத்திலும் பங்குனி உத்திரத்தன்று இதே போன்றதொரு பிணக்கு உண்டு. உறையூருக்குச் சென்று திரும்பும் பெருமாளை உள்ளே விடாமல் தாயார் கதவடைக்கின்றார். மட்டையடி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்கின்றார்.

சமயத்தால் நாம் வேறுபட்டவர்களாயினும், அயலார் விழாவிலிருந்து நமக்கென ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. ஆணும் பெண்ணும் அன்பினால் சீண்டிக்கொள்வதையும், பொய்யாய்ச் சினந்துகொள்வதையும், கேலி பேசிச் சிரித்துக்கொள்வதையும் நம் பிள்ளைகள் காணலாமா? காணலாமெனில் எதுவரை காணலாம்? எதைக் காணலாகாது?

கை எங்கே விரைகின்றது?

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கப்பட்டது. தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த அந்நாட்களில், வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அண்டை வீட்டார் அனைவரும் ஒரே கூடத்தில் அமர்வர். காதல் பாட்டு சற்றே எல்லை கடந்தால் தாத்தா இருமுவார். அப்பா தண்ணீர் குடிக்க எழுவார். அத்தை, “அடுப்பிலே என்ன வைத்தேனோ” என்று உள்ளே போவார். பிள்ளைகளுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை; ஆனால் அந்த இருமலே ஒரு செய்தி. இது பெரியவர்களுக்குக் கூச்சம் தரும் காட்சி என்பதை அது சொல்லிற்று.

இன்று பிள்ளையின் கையிலேயே கைப்பேசி இருக்கின்றது. காதில் ஒலிப்பானைப் பொருத்திக்கொண்டு போர்வைக்குள்ளே பார்க்கும் பிள்ளையின் அருகில் இருமுவதற்கு ஆள் இல்லை. கூடத்துக் காவல் தானாகவே கலைந்துவிட்டது. ஆகவே, எது தகும், எது தகாது என்பதைப் பெற்றோர் வாய்திறந்து பேச வேண்டிய காலம் இது.

பேசுவதற்கு முன் நம் கையைச் சற்றுக் கவனிப்போம். கணவன் மனைவியின் தோளில் கை வைத்தால் நம் விரல் அலைவரிசையை மாற்ற விரைகின்றது. அதே கதாநாயகன் இருபது பேரை அரிவாளால் வெட்டிச் சாய்க்கும்போது, அதே விரல் அசையாமல் இருக்கின்றது. மாமியார் மருமகளுக்கு நஞ்சு வைக்கத் திட்டமிடும் தொடரைக் குடும்பத்தோடு அமர்ந்து உண்டுகொண்டே பார்க்கின்றோம். இந்த வேறுபாட்டிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? அன்பு மறைக்கத் தக்கது. வன்மம் காணத் தக்கது. இப்படியொரு பாடத்தை எந்தப் பெற்றோரும் விரும்பிக் கற்பிப்பதில்லை. ஆயினும் நாள்தோறும் கற்பித்துக்கொண்டிருக்கின்றோம்.

வள்ளுவர் வைத்த அளவு

தமிழ் மரபு ஊடலை இழிவென்று ஒதுக்கவில்லை. திருக்குறளின் 133 அதிகாரங்களில் கடைசி மூன்றும் ஊடலைப் பற்றியவையே: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. அறத்தையும் அரசையும் பேசி முடித்த பெருநூல், கணவன் தும்மியதற்கு வாழ்த்துச் சொன்ன மனைவி, உடனே ‘யார் நினைத்ததால் தும்மினீர்’ என்று அழுத வேடிக்கையையும் பேசித்தான் நிறைவடைகின்றது. வாழ்க்கையின் பெரிய செய்திகளுக்குப் பக்கத்திலேயே இந்தச் சிறு விளையாட்டுக்கும் இடமுண்டு என்று வள்ளுவர் கருதினார் போலும்.

ஆனால் அவர் ஓர் அளவும் வைத்தார். ஊடல் உணவில் இடும் உப்புப் போன்றது; சற்று மிகுந்தாலும் கெட்டுவிடும் என்பது அவர் கருத்து. உப்பின்றிச் சமைத்தல் ஆகாது. உப்பையே சோறாக உண்ணவும் ஆகாது. பிள்ளைகளின் கண்ணுக்கு எதைப் பரிமாறுவது என்னும் கேள்விக்கும் இந்த அளவே பொருந்தும்.

எதை யாருக்குக் கொடுப்பது என்ற தயக்கம் கற்றோரையும் விட்டதில்லை. நம் வீரமாமுனிவர் 1730-ஆம் ஆண்டில் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே பெயர்த்தார். மூன்றாம் பாலை விட்டுவிட்டார். ஒரு துறவி ஏன் அப்படிச் செய்தார் என்று ஊகிப்பது கடினமன்று. அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, கிறித்தவ மறைப்பணியாளரான ஜி. யு. போப் 1886-இல் மூன்று பாலையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். இருவரும் குறளை நேசித்தவர்கள். தத்தம் வாசகர் யாவர் என்று எண்ணி வெவ்வேறு முடிவு எடுத்தவர்கள்.

அண்மைக் காலத்திலும் இப்படியொரு கோடு வரையப்பட்டது. 2016-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு அறத்துப்பாலையும் பொருட்பாலையும் கற்பிக்க வேண்டும் என்று கூறியது. இன்பத்துப்பால் அந்தப் பட்டியலில் இல்லை. வகுப்பறையில் இன்பத்துப்பால் இல்லை. மாட்டுப் பொங்கலன்று தெருவில் திருவூடல் உண்டு. இதில் முரண்பாடு ஏதுமில்லை. ஒரு செய்தி நல்லதா தீயதா என்பது ஒரு கேள்வி. எந்த வயதில் எந்த அளவில் என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு குழப்புவதால்தான் வீடுகளில் ஒரு பக்கம் எல்லாமே தடையாகவும், மறுபக்கம் எல்லாமே திறப்பாகவும் போய்விடுகின்றது.

சன்னல் வழியே கண்ட அரசன்

திருநூலிலும் இப்படியொரு காட்சி உண்டு. தொடக்கநூலின் 26-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பஞ்சம் பிழைக்கக் கெரார் நாட்டுக்குச் சென்ற ஈசாக்கு, தன் உயிருக்கு அஞ்சி, மனைவி ரெபேக்காவைத் தங்கை என்று ஊராரிடம் சொல்லி வைத்தார். நாட்கள் சென்றன. ஒருநாள் அரசன் அபிமெலக்கு சன்னல் வழியே பார்த்தான். ஈசாக்கு ரெபேக்காவோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்தார். உடனே அரசனுக்கு உண்மை விளங்கிற்று. தங்கையோடு ஒருவன் இப்படி விளையாட மாட்டான். இவள் அவன் மனைவியே.

எபிரேய மொழியில் ஈசாக்கு என்னும் பெயருக்கே ‘நகைப்பு’ என்பது பொருளடி. அந்த விளையாட்டைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. நகைப்பின் பெயரைத் தாங்கியவர் மனைவியோடு நகைத்து விளையாடினார் என்பது மூலத்தின் நயம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அரசன் கண்டது விளையாட்டைத்தான். அதில் குற்றம் காணவில்லை. அவன் ஈசாக்கை அழைத்துக் கடிந்துகொண்டது பொய் சொன்னதற்காக. பொய் சொன்ன வாய்க்குக் கண்டனம். மனைவியைக் கொஞ்சியதற்குக் கண்டனம் இல்லை.

சன்னலில் நின்று பார்ப்பது இன்று அரசன் அன்று, நம் பிள்ளை. அவன் காணும் விளையாட்டிலிருந்து ‘இவர்கள் உண்மையாகவே ஒருவருக்கொருவர் உரியவர்கள்’ என்று அறிந்துகொள்ள முடிந்தால், அந்தக் காட்சியால் அவனுக்குக் கேடு இல்லை.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

‘இதற்கெல்லாம் தணிக்கைக் குழு இருக்கின்றதே’ என்று சிலர் அமைதி கொள்வர். தணிக்கைக் குழுவின் பணியை அறிந்துகொள்வது நல்லது.

1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் படங்களை இரண்டாகப் பிரித்தது. அனைவரும் காணத் தக்கவை ‘யு’. வயது வந்தோர்க்கு மட்டும் உரியவை ‘ஏ’. 1983-இல் இவற்றோடு பெற்றோர் வழிகாட்டுதல் வேண்டும் எனும் ‘யுஏ’ பிரிவும், குறிப்பிட்ட துறையினர்க்கு உரிய ‘எஸ்’ பிரிவும் சேர்ந்தன. ‘யுஏ’ என்றால் 12 வயதுக்கு உட்பட்டோர் பெற்றோர் துணையோடு காண வேண்டும் என்பது நெடுநாள் வழக்கு. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் 2024-ஆம் ஆண்டு விதிகளும் அந்த ஒரு பிரிவையே 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாக வகுத்துள்ளன. கைப்பேசியிலும் இணையவழியிலும் வரும் தொடர்களுக்கும் படங்களுக்கும் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய வயதுக் குறியீடுகள் உண்டு. 13 வயதும் அதற்கு மேலும் குறிக்கப்பட்டவற்றைப் பெற்றோர் பூட்டி வைக்கும் வசதியையும் நிறுவனங்கள் தர வேண்டும்.

இதில் பெரும்பாலோர் அறியாத செய்தி ஒன்று உண்டு. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயது நிரம்பாதவரை அனுமதிக்கலாகாது என்பது திரையரங்கின் கடமை. ஆனால் ‘யுஏ’ வயதுக் குறியீடு பெற்றோரின் கவனத்துக்காக இடப்படுவது; பெற்றோரும் காப்பாளரும் தவிர வேறு எவரும் அதைச் செயற்படுத்த இயலாது என்று சட்டமே கூறுகின்றது. ஏழு வயதுப் பிள்ளையை 16 வயதுக்குரிய படத்துக்கு நீங்கள் அழைத்துச் சென்றால் வாயிற்காவலர் தடுக்க மாட்டார். அரசு சாவியைச் செய்து நம் கையிலே கொடுத்துவிட்டது. பூட்டுவதும் திறப்பதும் நம் பொறுப்பு.

மேலும், சான்றிதழ் ஒரு படத்தின் கடுமையை அளக்கலாம். அதன் உள்ளத்தை அளக்க இயலாது. எத்தனை அடி இரத்தம், எத்தனை நொடி அணைப்பு என்று கணக்கிடலாம். அந்தக் காட்சி பார்ப்பவன் நெஞ்சில் யாருக்கு மதிப்பை விதைக்கின்றது என்பதைக் கணக்கிட எந்தக் குழுவாலும் ஆகாது.

முருங்கைக்காயும் பொய்ச்சத்தியமும்

இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். 1955-இல் எல். வி. பிரசாத் இயக்கத்தில் வந்தது ‘மிஸ்ஸியம்மா’. கிறித்தவக் குடும்பத்தில் வளர்ந்த மேரியும், வேலையற்ற இளைஞன் பாலுவும், பள்ளி ஆசிரியர் வேலை பெறுவதற்காகக் கணவன் மனைவி போல் நடிக்க நேர்கின்றது. சாவித்திரியும் ஜெமினி கணேசனும் அந்தப் பாத்திரங்களை ஏற்றனர். படம் முழுவதும் ஊடலே. அவர் சீண்ட, இவர் சினக்க, இவர் முகம் திருப்ப, அவர் தணிக்க எனக் கதை நகர்கின்றது. ஆயினும் மேரியின் சினத்துக்கு அந்தப் படத்தில் மதிப்பு உண்டு. அவள் விலகினால் அவன் வலிந்து நெருங்குவதில்லை. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து அமர்ந்து இன்றும் அதைப் பார்த்துச் சிரிக்க முடிகின்றது.

1983-இல் பாக்கியராஜ் இயக்கி நடித்த ‘முந்தானை முடிச்சு’ வந்தது. அதிலே முருங்கைக்காய் படும் பாடு நாடறிந்தது. கணவனின் மனத்தைத் தன்பக்கம் திருப்ப மனைவி விருந்துக்கு விருந்து முருங்கைக்காய் சமைக்கின்றாள். அதுமுதல் சந்தையில் முருங்கைக்காய் வாங்குவோரைக் கண்டாலே பெரியவர்கள் நமட்டுச் சிரிப்புச் சிரித்தனர். ‘முருங்கைக்காய்க்கு எதற்கு இத்தனை சிரிப்பு?’ என்று பிள்ளை கேட்டால் பெற்றோர் திகைத்தனர்.

அந்தக் கேள்விக்குத் திகைக்க வேண்டியதில்லை. “கணவன் தன்மேல் அன்பாக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள், அதற்கு இதுவொரு விளையாட்டு” என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்குப் போதும். மீதியை வயது வந்தபோது அவன் தானே அறிந்துகொள்வான். பிள்ளைக்குப் புரியாத சிலேடை பெரும்பாலும் பிள்ளையின் தலைக்கு மேலே பறந்து போய்விடுகின்றது.

ஆனால் அந்தப் படத்திலே வேறொன்று இருக்கின்றது. மனைவியை இழந்த வாத்தியாரை மணக்க விரும்பும் பெண், அவர் தன்னைக் கெடுத்துவிட்டதாக ஊர்ப் பஞ்சாயத்திலே பொய் கூறி, அவருடைய கைக்குழந்தையைத் தாண்டிச் சத்தியமும் செய்துவிடுகின்றாள். குற்றமற்ற ஒருவர் மேல் பழி விழுகின்றது. இது முருங்கைக்காயைப் போலத் தலைக்கு மேலே பறக்காது. பிள்ளைக்கு நன்றாகவே புரியும். ‘ஆசைப்பட்டதைப் பெறப் பொய்ச்சத்தியமும் செய்யலாமோ?’ என்ற கேள்வி அவன் மனத்தில் எழ வேண்டும். நாமோ முருங்கைக்காய்க் காட்சியில் அவன் கண்ணைப் பொத்திவிட்டு, சத்தியக் காட்சியில் கையை எடுத்துவிடுகின்றோம். ஈசாக்கின் கதையில் அரசன் செய்ததற்கு நேர் எதிர் இது. விளையாட்டைக் கண்டித்துப் பொய்யை விட்டுவிடுகின்றோம்.

யார் பக்கம் நிற்கச் செய்கின்றது?

அப்படியானால் உண்மையிலேயே தடுக்க வேண்டியது எது? ஒரு பெண் ‘வேண்டாம்’ என்று சொன்ன பின்னும் அவளைப் பின்தொடர்ந்து, வழிமறித்து, பாட்டுப் பாடி, தோழரோடு கூடி எள்ளி, இறுதியில் அவளே மனம் மாறிக் காதலிப்பதாக முடியும் காட்சிகள் நம் திரையில் எத்தனை! அவற்றில் பலவற்றுக்கு அனைவரும் காணலாம் என்ற சான்றிதழே கிடைத்திருக்கின்றது. அவற்றில் அணைப்பு இல்லை. ஆபாச உடை இல்லை. ஆயினும் அவை சிறுவர் நெஞ்சில் விதைக்கும் விதை கொடியது. பெண்ணின் மறுப்புக்குப் பொருள் இல்லை. விடாமல் துரத்தினால் அவள் பணிவாள் என்பதே அந்த விதை.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 1998-ஆம் ஆண்டு சென்னையில் இத்தகைய தொல்லைக்கு ஆளான கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்ததை அடுத்தே, தமிழக அரசு பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு பெண்ணை அவள் விருப்பமின்றித் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே நாடு முழுவதற்கும் தனிக் குற்றமாயிற்று. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவும் அதையே சொல்கின்றது. 2016-இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பின்தொடர்தலைக் காதல் என்று போற்றும் தமிழ்ப் படங்களைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. சட்டப்படி சிறைக்குரிய செயலைத் திரையில் நகைச்சுவை என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றோம்.

திருவண்ணாமலை மாவட்டம் தெருக்கூத்துக்குப் பெயர் பெற்றது. செய்யாறு வட்டாரத்துப் புரிசை கிராமம் கூத்துக் கலைஞர்களின் ஊர். அங்கே விடிய விடிய நடக்கும் கூத்தைக் காணப் பாயும் போர்வையுமாகக் குடும்பங்கள் வரும்; பிள்ளைகள் தாயின் மடியில் கிடந்தபடியே பார்க்கும். கட்டியக்காரனின் பேச்சில் குறும்பும் கேலியும் குறைவின்றி இருக்கும். அதே மேடையில் திரௌபதியின் துகிலை உரியும் காட்சியும் வரும். பெண்ணுக்கு இழைக்கப்படும் அதைவிடப் பெரிய அவமானம் ஏது? ஆனால் அங்கே ஒருவரும் விசில் அடிப்பதில்லை. நடிப்பவரும் காண்பவரும் அச்சத்தோடும் பக்தியோடும் அணுகும் காட்சி அது. துச்சாதனன் பக்கம் நின்று பார்க்க எந்தச் சிறுவனுக்கும் தோன்றாது.

கூத்து நமக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றது. என்ன காட்டப்படுகின்றது என்று மட்டும் பாராமல், அந்தக் காட்சி என் பிள்ளையை யார் பக்கம் நிற்கச் செய்கின்றது என்றும் பார்க்க வேண்டும். அவமானப்படும் பெண்ணின் பக்கமா? அவளைச் சூழ்ந்து நின்று சிரிக்கும் கூட்டத்தின் பக்கமா?

மேடையேறும் மழலைகள்

காண்பதோடு நின்றால் பரவாயில்லை; இன்று பிள்ளைகளையே ஆடவும் வைக்கின்றோம். பெரியவர்கள் திரையில் ஆடிய காதல் ஆட்டத்தை ஆறு வயதுச் சிறுமி இடுப்பை அசைத்து, கண்ணைச் சிமிட்டி ஆடுகின்றாள். நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகின்றனர். பெற்றோர் கண்ணில் நீர் பெருகுகின்றது. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுரை விடுத்தது. திரைப்படங்களில் பெரியவர்கள் ஆடிய அசைவுகளைச் சிறுவர் சிறுமியரை ஆடச் செய்வது அவர்கள் வயதுக்குத் தகாதது, அது அவர்கள் உள்ளத்தைப் பாதிக்கும். இதில் கட்டுப்பாடு வேண்டும் என்று அது கூறிற்று. அறிவுரை தொலைக்காட்சிக்கு வந்தது. பள்ளி ஆண்டு விழாவுக்கும், பங்குக் கலைவிழாவுக்கும், வீட்டுப் பிறந்தநாளுக்கும் அது பொருந்தாதா?

தாய் தந்தையரின் குறும்பைப் பிள்ளை பார்த்துச் சிரிப்பது வேறு. அந்தக் குறும்பைப் பிள்ளையின் உடலில் ஏற்றி ஊரார்க்குக் காட்டுவது வேறு. முன்னதில் பிள்ளை பிள்ளையாகவே இருக்கின்றது. பின்னதில் அதன் பிள்ளைமை விலைபோகின்றது.

வீடே முதல் திரை

பிள்ளை முதலில் காணும் படம் வீட்டிலேதான் ஓடுகின்றது. கதாநாயகனும் கதாநாயகியும் நீங்களே. அப்பா சந்தையிலிருந்து பூ வாங்கி வந்து, “யாருக்கோ வாங்கினேன், வாங்கிக்கொள்ள ஆளில்லை, நீயே வைத்துக்கொள்” என்கிறார். அம்மா, “அந்த யாருக்கோ முகவரி தெரியாதோ?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே பூவைத் தலையில் வைத்துக்கொள்கிறார். பாடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கின்றது. இந்த ஒரு நிமிடக் காட்சிக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். தன் வீடு உறுதியானது, தன் பெற்றோர் ஒருவரையொருவர் விரும்புகின்றனர் என்னும் நம்பிக்கையை அது தருகின்றது. அந்த நம்பிக்கை உள்ள பிள்ளை, திரையில் வரும் பொய்க் காதலைப் பார்க்கும்போதே, ‘எங்கள் வீட்டில் இப்படி இல்லையே’ என்று கண்டுகொள்ளும்.

நம் கல்யாண வீடுகளிலும் கேலிக்கு இடம் உண்டு. நலங்கு வைக்கும்போது மணமகனும் மணமகளும் தேங்காய் உருட்டி விளையாடுவதும், ஒருவர் தலைமேல் ஒருவர் அப்பளம் நொறுக்குவதும் சில குடும்பங்களில் வழக்கம். கொழுந்தன் மதினியைக் கேலி செய்வதும், மாமன் மகளை அத்தை மகன் சீண்டுவதும் முறை என்றே கொள்ளப்படும். பிள்ளைகள் சுற்றி நின்று கைகொட்டும். நல்லது. ஆனால் கேலியின் உயிர் இருவரும் சிரிப்பதில் இருக்கின்றது. கேலிக்கு உள்ளானவர் முகம் வாடிய அந்த நொடியே அது கேலி அன்று, தொல்லை. ‘முறைதானே, என்ன போயிற்று?’ என்று முறையைக் காட்டித் தொல்லையை மறைக்க இடம் தரலாகாது. சிறுமி ஒருத்தி, “மாமா, இப்படிப் பேசாதீர்கள்” என்று சொன்னால், பெரியவர்கள் அவளை வாயாடி என்று அடக்காமல், அந்த மாமாவை நிறுத்த வேண்டும். வேண்டாம் என்ற சொல்லுக்கு மதிப்புண்டு என்பதை அவள் அன்றே கற்றுக்கொள்வாள். அருகில் நிற்கும் அவள் அண்ணனும் கற்றுக்கொள்வான்.

வேறொரு வகைக் கேலியும் வீடுகளில் உண்டு. மனைவியின் சமையலை, நிறத்தை, பிறந்த வீட்டை விருந்தினர் முன்னே எள்ளி நகையாடிவிட்டு, “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பார் கணவர். வேறு பெண்களிடம் வரம்பின்றிப் பேசிவிட்டு, அதையும் விளையாட்டு என்பார். பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கின்றது. அங்கே சிரிப்பு இல்லை. இதுவே பிள்ளைகள் காணத் தகாத காட்சி. இதற்குத்தான் முதலில் ‘ஏ’ சான்றிதழ் தர வேண்டும்.

சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி 1971-இல் வெளியான திருச்சபையின் மேய்ப்புப்பணி ஏடு, பெற்றோர் தடை விதிக்க நேரும்போது அதன் காரணத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும் என்றும், தடுப்பதைவிட எடுத்துச் சொல்லி இணங்கச் செய்வது சிறந்தது என்றும் அறிவுறுத்துகின்றது. காரணம் சொல்லாத தடை பிள்ளைக்கு ஆவலையே வளர்க்கும். காரணத்தோடு கூடிய தடையே அறிவை வளர்க்கும். ஆகவே, இயன்ற அளவு சேர்ந்து அமர்ந்து பாருங்கள். கைப்பேசியைக் கூடத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இருக்கட்டும். வயதுக் குறியீட்டைப் படித்துப் பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள். பார்த்து முடித்தபின் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அந்த இருவரும் சிரித்தார்களா, ஒருவர் மட்டுமா? ஒருவர் வேண்டாம் என்றபோது மற்றவர் நிறுத்தினாரா? பிணக்கு வந்தபின் சமாதானம் வந்ததா?

மூன்றாம் கேள்விதான் பெரும்பாலும் மறந்துபோவது. பெற்றோர் சண்டையைப் பிள்ளைகள் காண்கின்றனர்; சமாதானம் மட்டும் கதவுக்குப் பின்னே நடந்துவிடுகின்றது. மாலையில் சினந்த அப்பாவும் அம்மாவும் காலையில் எப்படி ஒன்றானார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ ஏட்டில், குடும்பத்துக்குத் தேவையான மூன்று சொற்களாகத் தயவுசெய்து, நன்றி, மன்னித்துவிடு என்பவற்றைச் சுட்டினார். சமாதானம் செய்யாமல் நாளை முடிக்க வேண்டாம் என்றும் அங்கே அறிவுரை உண்டு. இச்சொற்களைப் பிள்ளைகள் காதில் விழும்படியே சொல்லுங்கள். “நான் கோபித்துக்கொண்டது தவறு, மன்னித்துவிடு” என்று அப்பா சொல்வதையும், “போதும் போதும், காபி ஆறுகிறது” என்று அம்மா சொல்வதையும் பிள்ளைகள் கேட்கட்டும். பிள்ளைக்கு எதைக் காட்டுவது என்று தேடும் பெற்றோருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைப்பது அரிது.